தூத்துக்குடியிலிருந்து ஜித்தா வரை: விமானப் பயணத்தில் தூரமும் நேரமும்

விமானத்தில் போகிறவருக்குக் கஸ்ர் உண்டா என்ற கேள்வி தூத்துக்குடி, காயல்பட்டணம், குலசேகரன்பட்டினம் பக்கத்துச் சகோதரர்களிடமிருந்து ஓயாமல் வந்து கொண்டிருக்கிறது. வாகைக்குளத்தில் காலையில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாகச் சென்னையில் இறங்கி விடுகிறோம். வேலையை முடித்துக் கொண்டு இரவுக்குள் வீட்டுக்கும் வந்து விடுகிறோம். வியர்வையும் இல்லை, களைப்பும் இல்லை. இதற்கும் முஸாபிர் என்று பெயரா என்று கேட்கிறார்கள். உம்ராவுக்குப் புறப்படுகிறவர்களின் கேள்வி வேறு. கைக்கடிகாரத்தில் மஃரிபு ஆகிவிட்டது, ஜன்னலுக்கு வெளியே வெயில் அடிக்கிறது, எதை நம்புவது என்பது அவர்கள் கேள்வி.

இரண்டு கேள்விகளுக்கும் வேர் ஒன்றுதான். பயணம் எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்பதைக் கொண்டு மார்க்கச் சட்டத்தை அளக்கப் பார்க்கிறோம். ஷரீஅத்து அப்படி அளக்கவில்லை. கஸ்ரைத் தூரத்தைக் கொண்டு அளக்கிறது. வக்தைச் சூரியனைக் கொண்டு அளக்கிறது. இஹ்ராமை இடத்தைக் கொண்டு அளக்கிறது. மணிக்கணக்கு இம்மூன்றிலும் அளவுகோல் ஆவதில்லை. இதை விளங்கிக் கொண்டால் மற்றவை எளிதாகிவிடும்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ரயில் பாதை ஏறத்தாழ 650 கி.மீ.; முத்துநகர் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி விடிந்து இறங்குகிறோம். சாலை வழி ஏறத்தாழ 600 கி.மீ. ஆகாய வழி ஏறத்தாழ 530 கி.மீ. சென்னையிலிருந்து ஜித்தா ஆகாய வழியில் சுமார் 4,440 கி.மீ.; அதற்கு ஐந்தரை முதல் ஆறு மணி நேரம். தூத்துக்குடியிலிருந்தே நேராக ஜித்தாவுக்குக் கோடு போட்டால் சுமார் 4,400 கி.மீ.தான் வரும். ஜித்தா இருப்பது நமக்கு வடமேற்கே. நாமோ முதலில் வடகிழக்கே சென்னைக்குப் போய், அங்கிருந்து மேற்கே திரும்புகிறோம். ஆகவே சென்னை வழியாகப் போகிறவர் ஏறத்தாழ 570 கி.மீ. கூடுதலாகச் சுற்றுகிறார். திருவனந்தபுரம் வழியாகப் போகிறவருக்கு அந்தச் சுற்று இல்லை. இந்தச் சுற்றுக்கும் ஒரு மஸ்அலா இருக்கிறது, பிறகு வருவோம்.

இனி, கஸ்ருடைய தூரம். இப்னு உமர் (ரலி), இப்னு அப்பாஸ் (ரலி) ஆகிய இரு ஸஹாபிகளும் நான்கு பரீது தூரத்துக்குக் கஸ்ர் செய்தார்கள், நோன்பையும் விட்டார்கள் என்று புகாரீ இமாம் பதிவு செய்திருக்கிறார்கள். நான்கு பரீது என்பது பதினாறு பர்ஸக்; ஒரு பர்ஸக் மூன்று மைல்; ஆக நாற்பத்தெட்டு ஹாஷிமீ மைல். சுமை ஏற்றிய ஒட்டகம் இரண்டு நாளில் கடக்கும் தூரம் என்பதால் இதையே இரண்டு மர்ஹலா என்று நம் ஷாபிஈ கிதாபுகள் சொல்லுகின்றன. இதை இன்றைய கிலோமீட்டராக்குவதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 80 கி.மீ.க்குச் சற்று முன்பின் என்பார் பலர். கேரளத்து ஷாபிஈ ஆலிம்கள் 132 கி.மீ. என்று கணக்கிடுகிறார்கள்.

என் மனம் சாய்வது 80 பக்கமே. காரணத்தையும் சொல்லி விடுகிறேன். மக்காவிலிருந்து அரபாத் வரை போனால் கஸ்ர் செய்யலாமா என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கேட்டபோது, கூடாது, ஆனால் உஸ்பான், ஜித்தா, தாயிப் வரை போனால் செய்யலாம் என்ற கருத்தில் அவர்கள் விடை சொன்னதாக ஷாபிஈ இமாம் அவர்கள் அறிவிக்கிறார்கள். அந்த மூன்று ஊர்களும் இன்றும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஜித்தாவிலிருந்து மக்காவுக்கு வண்டியில் போகும் ஹாஜி எவரும் அந்தத் தூரத்தை அறிவார், 80 கி.மீ.க்கு உட்பட்டதே. ஆயினும் பேணுதலை விரும்புகிறவர் 132ஐ எடுத்துக் கொண்டால் அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. தூத்துக்குடி–திருநெல்வேலி 50 கி.மீ. அளவு, காயல்பட்டணம் அதைவிடக் குறைவு. இவை எந்தக் கணக்கிலும் கஸ்ருக்கு எட்டா. மதுரை எந்தக் கணக்கிலும் எட்டும். சென்னையையோ ஜித்தாவையோ பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

வேகமாகப் போகிறவரின் நிலை என்ன? இந்தக் கேள்வி விமானம் வந்த பிறகு பிறந்தது என்று நினைக்க வேண்டாம். ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் மின்ஹாஜில் இதற்கு விடை எழுதி வைத்து விட்டார்கள். கடல் பயணமும் தரைப் பயணம் போன்றதே, அந்த நாற்பத்தெட்டு மைலையும் ஒருவர் கடலில் ஒரே மணி நேரத்தில் கடந்து விட்டாலும் அவருக்குக் கஸ்ர் உண்டு என்பது அவர்கள் கூறியதன் கருத்து. ஒரு மணியில் நாற்பத்தெட்டு மைல் ஓடும் மரக்கலம் அந்தக் காலத்தில் உலகில் எங்குமே இல்லை. இல்லாத ஒன்றை வைத்து இமாம் அவர்கள் ஏன் சட்டம் சொன்னார்கள்? அளவுகோல் தூரம்தான், காலம் அல்ல என்பது ஐயமற விளங்கட்டும் என்பதற்காகத்தான். ஓதும்போது இந்த இடத்தை ஒரு வரியாகக் கடந்து போய் விடுகிறோம். வாகைக்குளத்தில் விமானத்துக்குக் காத்திருக்கும்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

அந்த நூற்றாண்டில் நம் கரை எப்படி இருந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். இமாம் நவவீ மறைந்து ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் கழித்து இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து வரும் கப்பல்களெல்லாம் காயலைத் தொட்டுச் செல்லும் என்று எழுதி வைத்தார். அக்கப்பல்களுக்குக் காற்றே எஞ்சின். வாடைக் காலத்தில் இங்கிருந்து மேற்கே போக வேண்டும். தென்மேற்குக் காற்றில் திரும்ப வேண்டும். காற்று வாய்த்தால் வாரக்கணக்கில் போய்ச் சேருவார்கள். தவறினால் அடுத்த பருவம் வரை ஏதாவது ஒரு துறையில் கிடக்க வேண்டியதுதான். ஒரே பாதைக்கு ஒரு தடவை இருபது நாள், மறு தடவை ஆறு மாதம். இப்படி மாறிக்கொண்டே இருக்கும் காலத்தின் மேல் சட்டத்தைக் கட்டினால் அது நிற்குமா? தூரம் மட்டும் அன்றும் இன்றும் மாறவில்லை.

இதன் மறுபக்கத்தையும் நம் கரையிலேயே காணலாம். தூத்துக்குடியில் முத்துக் குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்று விட்டது. அது நடந்த காலத்தில் தோணிகள் நள்ளிரவில் கரைக் காற்றைப் பிடித்துக் கிளம்பும். விடிவதற்குள் முத்துப் பார்களை அடையும். குளியாட்கள் நடுப்பகல் வரை மூழ்கிச் சிப்பி எடுப்பார்கள். பிற்பகலில் கடல் காற்று எழும்பியதும் கரை திரும்புவார்கள். அந்தப் பார்கள் கரையிலிருந்து பத்து, இருபது கி.மீ. தூரத்தில் இருப்பவை. அரை நாளுக்கு மேல் கடலில் கிடந்து, பத்துப் பன்னிரண்டு பாகம் ஆழத்தில் மூச்சை அடக்கி உழைத்த அந்த மனிதருக்குக் கஸ்ர் இல்லை. ளுஹரை நான்கு ரக்அத்தாகவே தொழ வேண்டும். குளிரூட்டிய விமானத்தில் காப்பி குடித்துக் கொண்டே ஒன்றரை மணியில் சென்னை போகிறவருக்குக் கஸ்ர் உண்டு.

இது நியாயமா என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றுவது இயல்பே. உஸூல் கலையில் இதற்கு விளக்கம் இருக்கிறது. சட்டத்துக்குக் காரணம் (இல்லத்து) வேறு. அதில் அடங்கிய நலன் (ஹிக்மத்து) வேறு. கஸ்ருக்கு இல்லத்து பயணம்; சிரமத்தை நீக்குவது அதன் ஹிக்மத்து. சிரமம் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும்; அதை எந்தத் தராசில் நிறுப்பது? ஒருவருக்கு மாட்டு வண்டியே சுகம். இன்னொருவர் விமானத்தில் ஏறினாலே வாந்தி எடுக்கிறார். எனவே யாவரும் அளக்கக்கூடிய, வெளிப்படையான ஒன்றோடு ஷரீஅத்து சட்டத்தைப் பிணைத்து விட்டது. குர்ஆனில் அன்னிஸா அத்தியாயம் 101ஆம் ஆயத்து எதிரிகளின் பயத்தோடு சேர்த்துக் கஸ்ரைச் சொல்லுகிறது. இப்போதுதான் அமைதி வந்து விட்டதே, இன்னும் ஏன் கஸ்ர் என்ற ஐயம் உமர் (ரலி) அவர்களுக்கே எழுந்தது. அது அல்லாஹ் உங்களுக்கு வழங்கிய கொடை, ஏற்றுக் கொள்ளுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்ததை முஸ்லிம் இமாம் பதிவு செய்கிறார்கள். கொடையை வாங்கிக் கொள்வதற்குக் களைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை.

ஹனபி மத்ஹபில் அளவு மூன்று நாள் நடைத் தூரம். பெயரைக் கேட்டால் காலத்தால் அளப்பது போலத் தோன்றும். ஆனால் நடுத்தர வேகத்தில் மூன்று நாள் என்பதே அங்குக் கணக்கு. அதே தூரத்தை விரைந்து சென்று முன்னதாகவே முடித்தவருக்கும் கஸ்ர் உண்டு என்று அவர்களுடைய கிதாபுகளும் சொல்லுகின்றன. அங்கும் பிற்கால ஆலிம்கள் பலர் நாற்பத்தெட்டு மைல், ஏறத்தாழ 77 கி.மீ. என்று வரையறுத்துள்ளனர். ஆக விமானப் பயணிக்கு இரு மத்ஹபிலும் விடை ஒன்றே. ஒரு வேறுபாட்டை மறக்க வேண்டாம்: பயணத்தில் கஸ்ர் செய்வது ஹனபிகளுக்கு வாஜிபு, நமக்கு அனுமதி.

இப்போது அந்தச் சுற்று வழி மஸ்அலா. ஓர் ஊருக்கு இரண்டு பாதைகள் இருந்து, ஒன்று கஸ்ருக்கு எட்டாததாகவும் மற்றது எட்டுவதாகவும் இருந்தால், ஒரு நோக்கமும் இல்லாமல், கஸ்ர் செய்வதற்காகவே நீண்ட பாதையில் போகிறவருக்குக் கஸ்ர் இல்லை என்பது நம் மத்ஹபின் பலமான சொல். பாதை எளிது, பாதுகாப்பு, வழியில் ஓர் அலுவல் என்று ஏதேனும் நோக்கம் இருந்தால் உண்டு. சென்னை வழியாக ஜித்தா போகிறவரை இது பாதிக்காது. அவருடைய குறுகிய வழியே நாலாயிரம் கி.மீ.க்கு மேல். திருநெல்வேலிக்குப் போக வேண்டியவர் மதுரையைச் சுற்றிக் கொண்டு போனால்தான் இது பாயும். அப்படி யார் போவார்கள் என்று கேட்காதீர்கள், கேட்டவர்கள் இருக்கிறார்கள்!

எங்கே தொடங்குகிறது?

பயணச் சலுகை வீட்டு வாசலில் தொடங்குவதில்லை. ஊர் எல்லையைத் தாண்டிய பிறகே தொடங்கும். மதில் உள்ள ஊரானால் மதிலைக் கடக்க வேண்டும். இல்லாத ஊரில் தொடர்ந்து வரும் கட்டடங்கள் முடிய வேண்டும். வயலையும் தோட்டத்தையும் கடக்க வேண்டியதில்லை. தூத்துக்குடி விமான நிலையம் ஊருக்கு மேற்கே, திருநெல்வேலிச் சாலையில், வாகைக்குளத்தில் இருக்கிறது, மாநகராட்சிக்கு வெளியே. ஆகவே தூத்துக்குடிவாசி வாகைக்குளத்தை அடைந்தபோதே முஸாபிர் ஆகிவிட்டார். விமானம் ஏறுமுன் அங்கேயே கஸ்ர் செய்யலாம், ஜம்உம் செய்யலாம். சென்னைவாசியின் நிலை இதற்கு மாறானது. மீனம்பாக்கம் சென்னைக் கட்டடங்களின் நடுவில் இருக்கிறது. அங்கே அவர் இன்னும் ஊரில் இருப்பவரே. விமான நிலையத்துத் தொழுகை அறையில் இருவரும் அருகருகே நின்று தொழுதாலும் ஒருவருக்கு இரண்டு ரக்அத்து, மற்றவருக்கு நான்கு. சென்னை உறவினர் நான்கு ரக்அத்துத் தொழுவதைப் பார்த்து நம்மவர் குழம்ப வேண்டாம். அவரைப் பின்பற்றித் தொழுதால் மட்டும் நான்காகவே முடிக்க வேண்டும்.

வாகைக்குளத்து ஓடுதளம் 1,350 மீட்டர் நீளமாக இருந்த காலத்தில் விசிறி வைத்த சிறு விமானங்களே அங்கு இறங்கின. அது 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, 2025 ஜூலை 26 அன்று புதிய முனையமும் திறக்கப்பட்டது. பெரிய ஜெட் விமானம் வந்தால் ஒன்றரை மணி ஒரு மணியாகலாம். அதனால் மேற்சொன்ன சட்டத்தில் எதுவும் மாறாது.

கடிகாரமும் சூரியனும்

தூரம் இதோடு முடிந்தது. வக்து விஷயத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள்.

பூமி இருபத்து நான்கு மணியில் 360 பாகை சுழலுகிறது. ஒரு மணிக்கு 15 பாகை, ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். தூத்துக்குடி கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகையிலும் ஜித்தா 39 பாகையிலும் இருக்கின்றன. இடைவெளி 39 பாகை. ஆகவே நமக்கு உச்சி திரும்பிய பின் ஏறத்தாழ இரண்டு மணி முப்பத்தாறு நிமிடம் கழித்தே அங்கு உச்சி திரும்பும். அரசாங்கக் கடிகாரங்களின் வேற்றுமை இரண்டரை மணி. சூரியனின் வேற்றுமையும் கிட்டத்தட்ட அதுவே. மேற்கே பறக்கும் விமானம் சூரியனைத் துரத்திக் கொண்டே போகிறது. பிடிக்க முடியாது, நம் வழியில் சூரியனின் ஓட்டம் மணிக்கு ஆயிரத்து அறுநூறு கி.மீ., விமானம் எண்ணூற்றுச் சொச்சம். ஆனாலும் பாதி வேகத்தில் துரத்துவதால் பகல் நீண்டு கொண்டே போகிறது. கிழக்கே திரும்பும்போது சூரியனை எதிர்கொள்கிறோம், பகல் சுருங்குகிறது.

ஓர் உதாரணம். பிற்பகல் 2 மணிக்குச் சென்னையிலிருந்து விமானம் புறப்படுகிறது என்று வைத்துக் கொள்வோம். ஆறு மணி நேரம் பறந்து இந்திய நேரம் இரவு 8க்கு இறங்கும். ஜித்தாவில் அப்போது மாலை 5.30. மாற்றி வைக்காத கைக்கடிகாரம் ஆறரை காட்டும்போது விமானம் அரபு மண்ணின் மேலே இருக்கும். அங்கே வெளியில் அஸர் வெயில். மஃரிபு நேரமாகி விட்டதென்று அப்போது மஃரிபைத் தொழுதவரின் தொழுகை நிறைவேறாது, வக்தே வரவில்லையே! அதைவிடப் பெரிய ஆபத்து அஸருக்கு. 5.30க்கு இறங்கி, வரிசையில் நின்று, முத்திரை வாங்கி வெளியே வருவதற்குள், குளிர் காலமானால், ஜித்தாவில் சூரியன் அடைந்து விடும். அஸர் களாவாகி விடும்.

இதற்கு வழி இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து வந்த முஸாபிர் மீனம்பாக்கத்திலேயே, ளுஹருடைய நேரத்தில், ளுஹரையும் அஸரையும் இரண்டிரண்டு ரக்அத்தாக முற்படுத்தி ஜம்உ செய்து விட்டு ஏறலாம். முதலில் ளுஹர், அது முடிவதற்குள் ஜம்உ செய்வதாக நிய்யத்து, இரண்டுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி கூடாது. சென்னைவாசிக்கு இந்த வழி இல்லை. அவர் ளுஹரை வீட்டிலோ மீனம்பாக்கத்திலோ முழுதாகத் தொழுது விட்டு, அஸரை விமானத்தில் தொழ வேண்டும். பயணத்தில் ஜம்உ இல்லாத ஹனபிச் சகோதரருக்கும் அப்படியே.

விமானத்தில் தொழுவதைப் பற்றிச் சுருக்கமாக. ஏறுமுன் ஒளுச் செய்து கொள்ளுங்கள். பணியாளரிடம் கேட்டால் பின்பகுதியில் நின்று தொழ இடம் தருவதுண்டு. கிப்லா தூத்துக்குடியிலிருந்து மேற்குக்கு 23 பாகை வடக்கே. சென்னையிலிருந்து 18 பாகை வடக்கே. ஜித்தாவும் மக்காவும் அடுத்தடுத்து இருப்பதால் போகும் வழியில் விமானத்தின் மூக்கு பெரும்பாலும் கிப்லாப் பக்கமே நீண்டிருக்கும். திரும்பும் வழியில் வால் பக்கம். பாதை வளைவதும் உண்டு. இருக்கைக்கு முன்னால் உள்ள வரைபடத்தைப் பார்த்து உறுதி செய்து கொள்ளலாம். நிற்கவும் இடமில்லை, கிப்லாவும் வாய்க்கவில்லை என்றால், வக்தின் கண்ணியத்துக்காக இயன்றபடி தொழுது விட்டு, இறங்கிய பின் திருப்பித் தொழ வேண்டும் என்பதே நம் மத்ஹபு.

ரமளானில் போகிறவருக்கு இந்த நீண்ட பகல் நேரடியாகவே தெரியும். ஊரில் ஸஹர் செய்து விட்டுப் பிற்பகல் விமானத்தில் ஏறியவருக்கு நோன்பு இரண்டரை மணி நேரம் கூடுகிறது. ஊரில் நோன்பு திறந்திருப்பார்கள் என்று எண்ணித் திறக்கக் கூடாது. நாம் இருக்கும் இடத்தில் சூரியன் அடைய வேண்டும். இன்னொன்று: முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்திலிருந்து பார்ப்பவருக்கு அடிவானம் தாழ்ந்து போகிறது, நேர் கீழே தரையில் இருப்பவரைவிடப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கூடுதலாகச் சூரியன் தெரியும். கீழே உள்ள ஊரில் பாங்கு சொல்லி விட்டார்கள் என்ற கணக்கு மேலே செல்லாது. உங்கள் கண் முன் வட்டம் மறைய வேண்டும்.

முஸாபிர்தானே, நோன்பை விட்டு விடலாமே என்பீர்கள். விடலாம், ஆனால் சுபுஹுக்கு முன்பே ஊர் எல்லையைத் தாண்டியிருந்தால்தான் அன்றைய நோன்பை விடலாம். சுபுஹு நேரத்தில் ஊரில் இருந்து விட்டுப் பிறகு கிளம்பியவர் அன்றைய நோன்பைப் பூர்த்தி செய்ய வேண்டும். தாங்க முடியாத நிலை ஏற்பட்டால் அது வேறு சட்டம்.

தூங்கும் ஒரு நிமிடம்

இஹ்ராம் விஷயத்துக்கு வருகிறேன். இதில் ஏற்படும் தவறுக்கு ஆட்டை அறுத்துப் பரிகாரம் செய்ய வேண்டியிருப்பதால் இதைச் சற்று விரித்தே எழுதுகிறேன்.

நம் பெரியவர்கள் ரயிலில் பம்பாய் போய், முஸாபிர்கானாவில் காத்திருந்து, மொகல் லைன் கப்பல்களில் ஹஜ்ஜுக்குப் போனார்கள். பம்பாயிலிருந்து ஜித்தா 2,300 கடல் மைல். பன்னிரண்டு முதல் பதினைந்து நாள் பிடித்தது. அந்தக் கப்பல் பயணம் 1995ஆம் ஆண்டோடு நின்று விட்டது. கப்பல் செங்கடலில் ஏறி யலம்லமுக்கு நேரே வரும்போது அறிவிப்புச் செய்வார்கள். கப்பலின் வேகம் மணிக்கு இருபது, இருபத்தைந்து கி.மீ. ஆகவே அறிவிப்பைக் கேட்ட பிறகும் குளித்து, இஹ்ராம் துணி உடுத்தி, இரண்டு ரக்அத்துத் தொழுது, நிதானமாக நிய்யத்துச் செய்ய நேரம் இருந்தது.

இன்று கிழக்கிலிருந்து வரும் விமானம் கர்னுல் மனாஸில் பக்கமாக உள்ளே நுழைகிறது. தாயிபுக்கு அருகில், இன்று ஸைலுல் கபீர் என்று வழங்கும் இடம் அது. அங்கிருந்து ஜித்தா விமான நிலையத்துக்கு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 130 கி.மீ.தான். முழு வேகத்தில் போகும் விமானத்துக்கு ஒரு நிமிடம் என்பது 14 கி.மீ. அறிவிப்பு வரும்போது கண்ணயர்ந்து, பத்து நிமிடம் கழித்து விழித்தவர் மீகாத்தைக் கடந்து வெகு தூரம் போயிருப்பார். ஆகாயத்தில் கடந்தாலும் கடந்தது கடந்ததுதான். ஹஜ்ஜோ உம்ராவோ நாடியவர் இஹ்ராம் இன்றி மீகாத்தைக் கடந்தால், அமல்களைத் தொடங்குமுன் மீகாத்துக்குத் திரும்பிப் போய் இஹ்ராம் கட்ட வேண்டும். போகாவிட்டால் தம்மு கடமையாகும்.

ஆகவே சென்னையிலேயே குளித்து இஹ்ராம் துணியை உடுத்திக் கொண்டு ஏறுங்கள். உடுத்துவது மட்டும் இஹ்ராம் ஆகி விடாது. நிய்யத்துச் செய்யும்போதுதான் இஹ்ராம் தொடங்குகிறது. அறிவிப்பு வந்ததும் நிய்யத்துச் செய்து தல்பியா சொல்லலாம். தூக்கத்துக்கு அஞ்சுகிறவர் முன்னதாகவே செய்து விடலாம், அதில் தவறு ஏதுமில்லை. இஹ்ராம் துணியைப் பெட்டியில் மடித்து வைத்து, அந்தப் பெட்டியை விமானத்தின் அடிவயிற்றுக்கு அனுப்பி விட்டு, மேலே உட்கார்ந்து கையைப் பிசைகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அப்படி ஆகிவிட்டாலும் நிய்யத்தை விட்டு விடக் கூடாது. தைத்த சட்டையைக் கழற்றி விட்டு, கிடைக்கும் துண்டையோ போர்வையையோ கொண்டு மறைத்து, மீகாத்துக்கு முன் நிய்யத்துச் செய்ய வேண்டும்.

ஜித்தாவிலேயே இஹ்ராம் கட்டலாம் என்று யாரோ சொன்னதாகச் சிலர் எழுதிக் கேட்கிறார்கள். அதற்கு ஒரு மூலம் உண்டு. யமன் நாட்டிலிருந்து கடல் வழியாக வருகிறவர் ஜித்தா வரை தாமதிக்கலாம், ஏனெனில் மக்காவிலிருந்து யலம்லம் இருக்கும் தூரமும் ஜித்தா இருக்கும் தூரமும் சமம் என்று இப்னு ஹஜர் ஹைதமி (ரஹ்) அவர்கள் துஹ்பாவில் கருத்துரைத்தார்கள். மற்ற ஆலிம்கள் அதை மறுத்தும் இருக்கிறார்கள். அவர்கள் பேசியது மீகாத்தைத் தாண்டி உள்ளே வராமல், கரைக்கு வெளியே கடலிலேயே வரும் கப்பலைப் பற்றி. கர்னுல் மனாஸிலின் பக்கமாகத் தரைக்கு மேலே பறந்து வரும் விமானத்துக்கு அதை இழுத்து ஒட்ட முடியாது. விமானம் நேராக மதீனாவுக்குப் போவதானால் இந்தக் கவலையே வேண்டாம். மக்கா புறப்படும்போது துல்ஹுலைபாவில் இஹ்ராம் கட்டிக் கொள்ளலாம்.

மக்காவில் போய் இறங்கும் நாள், கிளம்பும் நாள் நீங்கலாக முழுதாக நான்கு நாள் தங்க எண்ணியவருக்கு அங்கே கஸ்ர் இல்லை; ஹனபிகளுக்குப் பதினைந்து நாள் கணக்கு. கஸ்ர் மீண்டும் தொடங்குவது திரும்பும் பயணத்தில், தங்கிய ஊரின் கட்டடங்களைக் கடந்த பிறகு.

திரும்பும்போது எல்லாம் தலைகீழாக நடக்கும். ஜித்தாவில் பிற்பகல் 1 மணிக்கு ஏறினால், மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக, ஜித்தா நேரம் ஐந்துகூட ஆகாதபோதே அரபிக்கடலின் மேல் சூரியன் அடைந்து விடும். அஸருக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருந்தவருக்கு அஸர் தப்பி விடும். எனவே ஏறுமுன் ஜம்உ செய்து விடுவதே பாதுகாப்பு. மஃரிபையும் இஷாவையும் பிற்படுத்துவதாக மஃரிபு நேரத்துக்குள்ளேயே நிய்யத்துச் செய்து கொண்டு, சென்னையில் இறங்கி இஷாவோடு சேர்த்துத் தொழலாம். மறுநாள் சென்னையிலிருந்து வாகைக்குளத்தில் வந்து இறங்கினாலும் பயணம் இன்னும் முடியவில்லை. அங்கே ளுஹர் தொழுகிறவர் கஸ்ராகவே தொழலாம். திருநெல்வேலிச் சாலையில் வரும் வண்டி தூத்துக்குடியின் கட்டடங்களுக்குள் நுழைந்ததிலிருந்துதான் நான்கு ரக்அத்து.